வேலியில் ஒரு பொட்டு: வலிகாமத்து ஒழுங்கையொன்றில் முடிவெடுப்பது யார்?

"வீட்டுக்குப் பெரிய சாமான் ஏதும் வாங்குறதெண்டால் முடிவெடுக்கிறது ஆர்?"

படிவத்தில் நான்கு பெட்டிகள். நீங்கள், கணவர், இருவரும் சேர்ந்து, வேறு யாராவது. கேட்டது நான். பதில் சொல்ல வேண்டியவர் விறாந்தையில் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே "இவர்தான்" என்றார். 'கணவர்' பெட்டியில் பேனையால் சரி போட்டேன். பிறகு தேத்தண்ணி வந்தது. பாலைக் குசினி மூலையில் நின்ற பிரிட்ஜிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன்.

"பிரிட்ஜ் புதிசு போல?"

"ஓம். சீட்டு விழுந்தது, எடுத்தனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"லொறியில வந்து இறக்கேக்கதான் அவருக்கே தெரியும்."

சரியை அழிக்க வழியில்லை. பேனையால் போட்டது. அடுத்த கேள்விக்குப் போனேன்.

அது 2019. ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கேள்வியில் பெரிய பிழை சொல்வதற்கில்லை. பல நாடுகளில் நடக்கும் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளிலும் மணமான பெண்களிடம் இப்படித்தான் கேட்பார்கள். உங்கள் வைத்தியத்தைத் தீர்மானிப்பது யார், பெரிய கொள்வனவைத் தீர்மானிப்பது யார், நீங்கள் உங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதைத் தீர்மானிப்பது யார் என்று மூன்று. இந்த மூன்றாவதைக் கேட்டபோது அதே அம்மா சிரித்துவிட்டார். "எங்கை போறது? எல்லாரும் இஞ்சதானே இருக்கினம்."

அந்தச் சிரிப்பு கனநாள் மனதில் கிடந்தது. என் சின்னம்மாவின் வீடு அதே ஒழுங்கையில்தான் என்பதால், வேலையை விட்ட பிறகும் 2022 தொடக்கம் 2024 வரை அங்கே போய்வந்து, படிவமில்லாமல் கதைத்து எழுதி வைத்ததுதான் இது. ஒருவருடைய பெயரும் இதில் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. அடையாளம் பிடிபடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அதற்கு மிஞ்சியும் கண்டுபிடிப்பார்கள், அது வேறு கதை.

ஒழுங்கை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் செம்மண். கிணற்று இறைப்பில் வெங்காயம், புகையிலை, மரவள்ளி. ஒழுங்கையில் பதினொரு வீடுகள். ஒரு காலத்தில் ஒரு கிழவியின் வளவாக இருந்தது, மகள்மாருக்கு மூன்றாகப் பிரிந்து, பேத்திமாருக்கு ஏழாகப் பிரிந்து, மிச்சம் விலைப்பட்டு வந்தது. ஏழு வீட்டுக் குடும்பப் பெண்களும் அக்கா தங்கச்சி, சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள். ஆண்கள்தான் வெளியிலிருந்து வந்தவர்கள். ஒருவர் உடுவில், ஒருவர் அளவெட்டி, ஒருவர் தென்மராட்சிப் பக்கம்.

வட இந்தியாவை வைத்து எழுதிய ஆய்வுகளை வாசித்துவிட்டு இங்கே வந்தால் கால் தடக்கும் இடம் இதுதான். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2018இல் 671 இளம் மனைவிமாரிடம் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் மருமகளுக்கு வெளியே மனம்விட்டுக் கதைக்க ஆட்கள் குறைவு, அதனால் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக கிளினிக்குக்குப் போவதும் குறைவு என்று அதில் கண்டார்கள். அங்கே பெண் தெரியாத ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். இங்கே மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சீதன வீட்டுக்கு வருகிறார். மாமியார் வேறு ஊரில், சில நேரம் வேறு நாட்டில். தாய் வேலிக்கு அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம்.

அந்தக் கணக்கின்படி யாழ்ப்பாணத்துப் பெண் வீட்டில் ராணியாக இருக்கவேண்டும். ஏன் இல்லை?

வேலியிலிருந்து தொடங்குகிறேன். கிடுகு வேலி என்றால் அதில் ஒரு பொட்டு இருக்கும். கிணற்றடிப் பக்கமாக, ஒரு ஆள் குனிந்து நுழையுமளவுக்கு விட்ட இடைவெளி. சின்னம்மா வீட்டுப் பொட்டின் இரு கரையிலும் கதியால்கள் கைபட்டுக் கைபட்டு மினுங்கும். கீழே ஒரு கல். அதில் காலை வைத்து, உடுப்பை ஒரு கையால் கூட்டிப் பிடித்து, மற்றக் கையில் கறிக் கோப்பையோடு அந்தப் பக்கம் போகவேண்டும். ஆண்கள் படலையால் வருவார்கள், போவார்கள். பொட்டு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் உரியது. ஒரு நாளில் அதால் என்னென்ன போகிறது என்று ஒருமுறை இருந்து பார்த்தேன். அரைத்த சம்பல், பனடோல் இரண்டு, அழுத குழந்தை, சீட்டுக் காசு, திருப்பிக் கொடுக்காத வாளி, விடுப்பு என்கிற ஊர்க்கதை. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் போனது.

இந்தப் போக்குவரத்தைப் பலம் என்று மட்டும் எழுதிவிடலாம். ஆனால் பொட்டால் உதவி வருகிற வேகத்தில்தான் கேள்வியும் வரும். "என்ன, காலமை எங்கயோ போனனி போல?" அங்கே மாமியார் பார்க்கிற காவலை இங்கே தாயும் தமக்கையும் பார்க்கிறார்கள், அதுவும் அன்போடு. அன்போடு பார்க்கும் காவலைத் தாண்டுவது கஷ்டம். கோபிக்கக்கூட முடியாது.

உறுதியும் கையெழுத்தும்

சட்டத்தைத் தொடாமல் யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றிப் பேச முடியாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள், அதுதான் இன்னும் அடி. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணத்துக்குப் பிறகு தேடியது) என்ற பிரிவெல்லாம் அங்கிருந்து வருவது. சீதனக் காணி பெண்ணுடையது, உறுதி என்கிற காணிப் பத்திரம் அவள் பெயரில். ஆனால் 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகை போன்ற அசையும் சொத்துக்கு வேண்டாம். மரணசாசனம் எழுதவும் வேண்டாம். இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிற பெண்ணுக்கு இந்தக் கட்டு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. தேசவழமைக்கு உட்பட்டவளுக்கு மட்டும் நிற்கிறது.

இந்த முடிச்சுக்கு மறுபக்கமும் உண்டு. கணவனாலும் அவள் கையெழுத்தில்லாமல் அந்தக் காணியில் கை வைக்க முடியாது. ஆகவே அவளால் தனியே எதையும் செய்ய முடியாது, ஆனால் தடுக்க முடியும். இந்தத் 'தடுக்க முடியும்' என்ற பாதி ஒழுங்கையில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் அடுத்த கதை.

பெரியக்கா

பிரிட்ஜ் வாங்கினவர்தான். ஒழுங்கையில் எல்லோரும் அவரைப் பெரியக்கா என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நாற்பத்தாறு வயது. கணவர் தோட்டம் செய்கிறார். இரண்டு பெண், நடுவில் ஒரு பெடியன். சீதனமாக வந்த தோட்டக் காணி நான்கு பரப்பு, ஏக்கரில் சொன்னால் கால். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த சீட்டொன்றைப் பிடிக்கிறார். ஆளுக்கு மாதம் பத்தாயிரம், முதல் சீட்டு பிடிப்பவருக்கு. குலுக்குவது கிணற்றடியில், சில்வர் செம்பில் பேர்த் துண்டுகளைப் போட்டு.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது ஒரு போக வெங்காயம் சரியாகப் போகவில்லை. அடுத்த வருடம் இறைக்க மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கிடைக்கத் தொடங்கியபோது, ஆகஸ்ட் 2022இல், லீற்றர் 87 ரூபாயாக இருந்தது ஒரே இரவில் 340 ஆனது. இறைக்கிற தோட்டக்காரனுக்கு அந்த ஒரு எண் போதும். அந்த வருடம் நாடு முழுக்க 9 இலட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டு எடுத்தார்கள். பெரியக்காவின் மகனும் ஒருவன்.

2023 தொடக்கத்தில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரன் வந்தான். முற்பணம் பதினைந்து இலட்சம். கணவர், காணியை ஈடாக வாங்கிப் பணம் தர ஆளையும் பிடித்துவிட்டார். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போக நாளும் பார்த்தாயிற்று. கனடாவிலிருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "அனுப்புங்கோ அக்கா, பாதியை நான் பாக்கிறன்" என்றார். தாய், "தம்பியே சொல்லிப்போட்டான், பிறகென்ன?" என்றார். தங்கச்சி பொட்டால் வந்து அதையே சொன்னார். மச்சாள் வந்து அதையே சொன்னார். சின்னம்மாவும் அதையே சொன்னதாக அவரே ஒத்துக்கொண்டார். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போன ஒரே கதை, ஒவ்வொரு வாயாக வந்து சேர்ந்தது. பெரியக்காவுக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை. ஏழு வீட்டில் ஒரு வீட்டிலும் அவருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கவில்லை.

செய்தி வந்தது ரியூசன் வாசலில். கடைக்குட்டிக்குக் கணித வகுப்பு பின்னேரம் நாலரைக்குத் தொடங்கி இருட்டத்தான் முடியும். பொம்பிளைப் பிள்ளையைத் தனியே விட ஏலாது. ஆகவே ஐந்தரை தொடக்கம் வேப்பமரத்தின் கீழ் ஸ்கூட்டியும் சைக்கிளுமாகத் தாய்மார் நிற்பார்கள். நான்கைந்து ஊர்ச் சனம். ஒருவருக்கு மற்றவரின் பெயர் தெரியாது. "சிவப்பு ஸ்கூட்டி", "டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையின்ர அம்மா" என்றுதான் பேச்சு. கணவனைக் கேட்காமல் தினமும் போகக்கூடிய, போனதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத ஒரே இடம் அது என்று பெரியக்கா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. கோயிலுக்குப் போனால்கூட ஆரோடு போனாய் என்று கேட்பார்கள். இதற்குக் கேட்கமாட்டார்கள். பிள்ளையின் படிப்பென்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாக் கதவும் திறக்கும்.

சிவப்பு ஸ்கூட்டி அக்காதான் சொன்னார். தமையன் மகனுக்கு இதே மாதிரி முற்பணம் கட்டினார்கள். பெடியன் வழியில் ஒரு நாட்டில் மாதக்கணக்காய்க் கிடந்து திரும்பி வந்தான். காணி ஈட்டில், வட்டி ஓடுகிறது. அந்தத் தமையனையும் பெடியனையும் பெரியக்காவுக்குத் தெரியாது. சொன்னவருக்கும் இதில் லாபமோ நட்டமோ இல்லை. பிறகு, பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னார். "சீதனக் காணியெண்டால் நீங்கள் போய் இருந்து கையெழுத்து வைக்கோணும். நீங்கள் வைக்காட்டி அவையால ஒண்டும் செய்யேலாது."

"உறுதி என்ர பேரிலதான் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் பெரியக்கா என்னிடம். "கையெழுத்து வைக்காமல் விடலாம் எண்டுதான் தெரியாது."

இந்த வசனத்தை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் சொன்ன ஒரு விஷயம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. நெருங்கியவர்கள் நமக்குத் தெரிந்ததையே அறிந்திருப்பார்கள். புதுச் செய்தி, நாம் எப்போதாவது காணும் அரைகுறைப் பழக்கத்திடமிருந்துதான் வரும். அவர் அமெரிக்காவில் ஆண்கள் வேலை தேடிக்கொண்ட கதையை வைத்துச் சொன்னார். நான் ரியூசன் வாசலில் கண்டேன்.

ஆனால் அவரோடு எனக்கு ஒரு இடத்தில் பிணக்கு. வாசலில் கிடைத்த செய்தியை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? "ரியூசனடியில ஒரு மனிசி சொன்னவ" என்று கணவரிடம் சொன்னால் அடுத்த நாளிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர அவரே போவார். பெரியக்கா அதைச் சொல்லவில்லை. 'மாட்டேன்' என்றும் சொல்லவில்லை. முதலில் சீட்டு முடியட்டும் என்றார். சீட்டு முடிய ஆடி மாதம் வந்தது, ஆடியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது. ஆவணியில் தலையிடி என்று இரண்டு நாள் படுத்தார். நொத்தாரிசிடம் குறித்த நாள் அப்படியே மூன்று தரம் தள்ளிப்போனது. இதைக் கையாலாகாத்தனம் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கிராமத்து வீட்டில் பெண்ணின் அதிகாரம் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் இருக்கும். தாமதம் ஒரு முடிவு.

அந்த இடைவெளியில் அவர் தாய்மாமனிடம் போனார். எண்பதை அண்டிய மனிதர், ஒழுங்கையின் தலைமாட்டில் இருப்பவர். அவரிடமும் ஏஜென்சிக்காரனைப் பற்றி ஒரு சொல் இல்லை. "மூத்தவளுக்கு இன்னும் ஒண்டும் ஒழுங்காகேல்லை. காணியை ஈடு வைச்சால் அவளுக்கு என்னத்தைக் குடுக்கிறது, மாமா?" அவ்வளவுதான். மாமா அன்று இரவே கனடாவுக்குக் கோல் எடுக்கச் சொல்லி, "பெட்டையின்ர சீதனத்தில கை வைக்கிறியளோ?" என்று சத்தம் போட்டார். மறுநாள் படலையால் வந்து மருமகனுக்கும் அதையே சொன்னார். பேச்சு முடிந்தது.

வெளியிலிருந்து செய்தி வந்தது தூரத்துப் பழக்கத்தால். அது வீட்டுக்குள் செல்லுபடியானது இரத்த உறவின் வாயால். இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் காணி ஈட்டுக்குப் போயிருக்கும். இதை இரண்டு வருடம் பார்த்த பிறகு என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிற விஷயம் இது ஒன்றுதான்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. சீதனத்தைக் காட்டித்தான் பெரியக்கா தன் காணியைக் காப்பாற்றினார். மூத்த மகளுக்குச் சீதனமே வேண்டாம், படிக்கத்தான் ஆசை. அந்த மகள் இப்போது என்னிடம், "அம்மா என்னை வைச்சுத் தப்பினவ" என்கிறாள். மகனோ தாயோடு சரியாகக் கதைப்பதில்லை. கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவன் போயிருந்தால் நன்றாக இருந்திருப்பானோ என்னவோ. அதே ஒழுங்கையிலிருந்து போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. தம்பி தருவதாகச் சொன்ன பாதியில் கொஞ்சம் வந்தது. அதில் இறைப்புக்கு மின்சார மோட்டர் பூட்டினார்கள்.

கணவர் என்ன சொல்கிறார்? "நான்தான் வேண்டாமெண்டு விட்டனான். உவங்களை நம்பேலாது." பெரியக்கா பக்கத்தில் நின்று தலையாட்டினார். படிவம் கையில் இருந்திருந்தால் மறுபடியும் அதே பெட்டியில்தான் சரி போட்டிருப்பேன்.

தகரம் அடித்த பொட்டு

மூலைவீட்டுத் தங்கச்சியின் கதை சின்னது, ஆனால் உறவுகள் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள் இதை வாசிக்கவேண்டும். 2016 அளவில் நுண்கடன் கம்பெனிகள் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வந்தன. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வர் பொறுப்பு. ஈடு கிடையாது, பிணை கிடையாது என்றுதான் சொன்னார்கள். உண்மையில் ஈடு வைத்தது அயலை. கடன் தங்கச்சியின் பெயரில், காசு கணவர் கைக்குப் போனது, ஓட்டோவின் லீசிங் கட்ட. அந்த முடிவில் அவருடைய பங்கு கையெழுத்து மட்டும். பெரியக்காவுக்கு எந்தக் கையெழுத்து கடைசிப் பிடியாக இருந்ததோ, அதே கையெழுத்து இவரைக் கட்டிப்போட்டது.

ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிழமைக் காசு கட்டாவிட்டால் வசூலிக்கிற பெடியன் போகமாட்டான். மற்ற நான்கு பெண்களும் விறாந்தையில் இருப்பார்கள், விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும். நாலு பேரும் சின்ன வயதிலிருந்து பொட்டால் வந்துபோனவர்கள். அரசாங்கம் 2018இல் வடக்கு உட்பட வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் வரையான நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, வட்டிக்கும் வருடத்துக்கு 35 வீதம் என்று உச்சம் வைத்தது. இவருடைய மூன்றில் ஒன்றுக்குத்தான் அது பொருந்தியது. மிச்சத்தைத் தாலிக்கொடி அடைத்தது.

நான் போனபோது அவர் வீட்டுப் பக்கத்துப் பொட்டில் ஒரு துண்டுத் தகரம் அடித்திருந்தது. "நாய் வருது," என்றார். வீட்டில் இப்போது எது கேட்டாலும் "இவரைக் கேளுங்கோ" என்கிறார். இங்கே அது தந்திரம் மாதிரித் தெரியவில்லை.

முழுப் புள்ளி வாங்கும் பெண்

படிவத்தின்படி ஒழுங்கையில் அதிகாரம் கூடியவர் சங்கத்து அக்கா. மூன்று கேள்விக்கும் 'நீங்கள்' பெட்டி. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தாய் தகப்பனோடு வன்னிக்குப் போனவர். அங்கே திருமணம். 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைக் காணவில்லை. மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து 2010இல் இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்து தமக்கையின் வளவு மூலையில் வீடு போட்டிருக்கிறார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளர். கிராம அலுவலரைத் தெரியும், பிரதேச செயலகத்தில் எந்தக் கதவு எந்த நாள் திறக்கும் என்று தெரியும். 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணத் திட்டம் வந்தபோது மேன்முறையீடு எழுத ஒழுங்கை முழுக்க அவர் வாசலில் நின்றது.

அவருக்கு வேறோர் இடத்தில் தாய் எழுதிக் கொடுத்த துண்டுக் காணி உண்டு. மகளின் படிப்புக்கு அதை விற்கலாம் என்றால், அதே 6ஆம் பிரிவு. சம்மதம் தரவேண்டிய கணவர் எங்கே? மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டு அனுமதி எடுக்கலாம், சட்டம் அதற்கு இடம் வைத்திருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றும் 2016இல் கொண்டுவந்தார்கள். மரணச் சான்றிதழை அவர் எடுக்கமாட்டார். அதைப் பற்றி நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"முடிவெல்லாம் நான்தான். சரியோ பிழையோ எண்டு சொல்ல ஒரு ஆள் இல்லை," என்றார். கந்தோர் முழுக்கத் தெரிந்தவருக்கு, கிணற்றடியில் பக்கத்தில் இருந்து வாய்விட்டுக் கதைக்க ஆள் கிடையாது. உத்தியோகத்தர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கேற்றடியில் பத்து நிமிடம் நின்றால் பொட்டு வழியாக அந்தச் செய்தி பதினொரு வீட்டுக்கும் போய்விடும். ஆகவே வருகிறவர்களை அவர் படலையில் நிற்க வைத்தே கதைத்து அனுப்புகிறார், மழையென்றாலும். ஒழுங்கைப் பெண்கள் இவரிடம் அலுவலுக்கு வருகிறார்கள், தேத்தண்ணி குடிக்க நிற்பதில்லை. புருஷன் இல்லாத வீட்டில் கனநேரம் நிற்கக்கூடாது என்று அவர்களுக்கும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சின்னம்மா எழுதவேண்டாம் என்றது

பெரியக்காவின் சீட்டில் பன்னிரண்டு பேரும் ஒரே சாதி. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், தோட்டம் தாண்டி இருக்கும் வீடுகளிலிருந்துதான் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் இருவர் தாங்களே ஒரு சீட்டுப் பிடிக்கிறார்கள், இதைவிட ஒழுங்காக. இரண்டு சீட்டும் ஒன்றாகலாமே என்று கேட்டேன். பெரியக்கா சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார். சங்கத்தின் பட்டியலில் இரு பக்கத்துப் பெயரும் இருக்கும், கூட்டம் நடக்கும் விறாந்தையில் அவர்கள் இருக்கும் இடம் வேறாக இருக்கும். ரியூசன் வாசலில்தான் இரு பக்கமும் ஒரே மரத்தின் கீழ் நின்றதைப் பார்த்தேன். பெயர் கேட்காமல் இருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். சிவப்பு ஸ்கூட்டி அக்கா எந்தப் பக்கம் என்று பெரியக்காவுக்கு இன்றுவரை தெரியாது, கேட்கவும் இல்லை. "இதையெல்லாம் ஏன் எழுதிறாய் பிள்ளை?" என்றார் சின்னம்மா.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எதிர்பார்த்த அளவுக்கு அது ஒன்றையும் மாற்றவில்லை. வாட்ஸ்அப்பில் குடும்ப குறூப் என்று இருப்பது பொட்டின் நீட்டல்தான். அதே அக்கா தங்கச்சி, அதே விடுப்பு, இப்போது ரொறொன்ரோவில் இருந்தும். சாப்பிடும்போது போன் மேசையில் கிடக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். வேப்பமரத்தடியை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது.

மதில்

கடைசியாக 2024 பங்குனியில் போனபோது பெரியக்காவின் வீட்டைச் சுற்றிக் கிடுகு இல்லை. கனடாத் தம்பி அனுப்பிய காசில் மதில் எழும்பிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஏற்கெனவே நான்கு வீடு மதிலுக்கு மாறிவிட்டது. மதிலில் பொட்டு கிடையாது. மதில் கட்டுவதென்று தீர்மானித்தது தம்பியும் கணவரும், எத்தனை அடி உயரம் என்பதும் அவர்கள்தான். மேசனும் கையாளும் கிணற்றடிப் பக்கத்துக்கு வந்தபோது பெரியக்கா குசினி வாசலில் நின்று, "தம்பி, அதில ரெண்டரையடி விட்டுக் கட்டும்" என்றார்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "அது ஏன்?"

"குப்பை வெளியில கொண்டு போக வேண்டாமே?"

மேசன் கணவரைப் பார்த்தார். கணவர் ஒரு கணம் யோசித்து, "ஓ, அது தேவைதான். ரெண்டரை விட்டுக் கட்டு" என்றார்.

இப்போது அங்கே ஒரு சின்ன இரும்புக் கேற் இருக்கிறது. பூட்டும் உண்டு. திறப்பு தங்கச்சி வீட்டுக் குசினியில் தொங்குகிறது.